சார்ஜ் போர்ட்டில் சந்தனம்

1

ஊரைவிட்டு வெளிநாடு போனவர்கள் பள்ளி மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் முடிவானபோது, என் பெயரைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது ஞாபகம் இருக்கும். சிங்கப்பூரில் இருப்பவள் எழுதலாம், தோஹாவில் இருப்பவள் எழுதலாம், திருவனந்தபுரத்தில் இருக்கும் செல்வி எழுதலாமா? காலையில் கோவில்பட்டியில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேருகிற இடம் என்னடி வெளிநாடு என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு ஏழெட்டுச் சிரிப்புப் பொம்மைகள் வேறு. நான் அப்போது பதில் போடவில்லை. இப்போது போடுகிறேன்.

சிங்கப்பூர்க்காரியே ஒருமுறை எழுதியிருந்தாள், அங்கே ரயில் நிலையங்களில் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்களாம். எங்கள் வீடு இருக்கும் கரமனையில் எழுதி வைக்கவில்லை. பத்தாம் வகுப்பில் தமிழில் பள்ளி முதல் மதிப்பெண் வாங்கியவள், கல்யாணமான மறுமாதம் கிழக்கேகோட்டையில் வரிசையாக நின்ற பஸ்களின் பலகையைப் பார்த்து, ஒரு எழுத்தும் தெரியாமல் நின்றேன். பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கேட்டால் அவர் எந்த ஊர் என்று கேட்டார். கோவில்பட்டி என்றேன். சிரித்துவிட்டார். இங்கே பட்டி என்றால் நாய். அதற்குப் பிறகு பல வருடம், யார் கேட்டாலும் திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊரின் பெயரைச் சொல்லத் தயங்குகிற இடம் வெளிநாடு இல்லாமல் வேறு என்ன?

இந்த ஆவணியோடு நான் வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அதே ஆவணியில் எங்கள் மின்சாரக் காருக்கு மூன்று வருட வாரன்ட்டி முடிந்தது. இரண்டில் எதைப் பற்றி எழுதுவது என்று யோசித்தேன். வாரன்ட்டியைப் பற்றி எழுதினால் மற்றது தானாக வந்துவிடும் என்று தோன்றியது.

2

என் கணவருக்குச் சாலை பஜாரில் கயிற்றுக் கடை. கயிறு, தார்ப்பாய், சாக்கு. அவருடைய தாத்தா காலத்தில் ஆரம்பித்தது. இவர் பிறந்தது இங்கே, படித்தது மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ். கோபம் வந்தால் தமிழ், கணக்குப் போட்டால் மலையாளம். நல்ல மனிதர், ஆனால் எதையும் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் யோசிப்பார்.

வந்த புதிதிலிருந்து இருபது வருடத்துக்கு மேல், எனக்கு எங்கே போக வேண்டுமானாலும் யாரையாவது கேட்க வேண்டும். இவரைக் கேட்டால் கடை முடியட்டும் என்பார். ஆட்டோக்காரரைக் கேட்டால் அந்தப் பக்கம் போனால் திரும்பி வரச் சவாரி கிடைக்காது என்பார். மகள் நித்யா ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, சரி, இனி இவள் கூட்டிப்போவாள் என்று நினைத்தேன். அவள் டெக்னோபார்க்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அப்புறம் அவளைப் பார்ப்பதற்கே நேரம் கேட்க வேண்டியிருந்தது.

இவர் மின்சாரக் கார் வாங்கியது பெட்ரோல் விலைக்குப் பயந்து. நான் அதை ஓட்டக் கற்றுக்கொண்டது அவர் கணக்கில் இல்லாத விஷயம். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, மிதித்தால் போகிறது, காலை எடுத்தால் நிற்கிறது. ஒருநாள் வீட்டு வாசலில் அதில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். இது என்னால் முடியும் என்று அன்றே தெரிந்துவிட்டது. லைசென்ஸுக்கு மட்டும் டிரைவிங் ஸ்கூலின் கியர் வண்டியில் 'எச்' எடுக்க வேண்டியிருந்தது. எச் என்றால் எழுத்துத்தான். கம்பி நட்டு வைத்திருப்பார்கள், அதற்குள் முன்னும் பின்னும் போய், கம்பியில் இடிக்காமல் அந்த எழுத்தை வண்டியால் எழுதிக் காட்ட வேண்டும். இரண்டு முறை கம்பியைச் சாய்த்தேன். மூன்றாம் முறை எடுத்துவிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லாமல் ஒரு கேசரி கிண்டினேன்.

அதன்பிறகு நடந்ததுதான் முக்கியம். விழிஞ்ஞம், பூவார்க் கடற்கரையில் மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர்கள் நைலான் கயிற்றுக்குச் சாலை பஜாருக்கு வருவதுண்டு, வராமல் போவதும் உண்டு. நான் காரின் பின்பக்கத்தில் மாதிரிச் சுருள்களைப் போட்டுக்கொண்டு அவர்கள் இருக்கும் இடத்துக்கே போக ஆரம்பித்தேன். முதல் நாள் யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நான்காவது முறை போனபோது மணலில் நாற்காலி போட்டார்கள். இப்போது எனக்கு அங்கே பெயர் கயறு சேச்சி. சேச்சி என்றால் அக்கா. கடை வியாபாரத்தில் பாதி இன்றைக்கு அந்தக் கரையிலிருந்துதான் வருகிறது. என் மலையாளத்தை அங்கே யாரும் கேலி செய்வதில்லை, அவர்கள் மலையாளத்திலும் பாதி தமிழ்தான்.

இனி சந்தனக் கதைக்கு வருகிறேன். கார் எடுத்தது மூன்று வருடத்துக்கு முந்தைய ஆவணியில். இங்கே அதைச் சிங்ஙம் என்பார்கள், வருடப் பிறப்பு மாதம், வண்டி எடுப்பவர்கள் எல்லாம் அந்த மாதத்துக்குக் காத்திருப்பார்கள். ஷோரூமில் மணி கட்டி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, விற்பனையாளரே தட்டை ஏந்தி முன்பக்கத்தில் சந்தனம் வைத்தார், ஸ்டியரிங்கில் வைத்தார். கடைசியாகச் சார்ஜ் போடுகிற மூடியைத் திறந்து, இதுதான் இதற்கு வாய், இங்கே வைக்காமல் விடக் கூடாது என்று சிரித்துக்கொண்டே உள்ளே ஒரு பொட்டு வைத்தார். என் கணவர் அதை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் பக்கத்து ஆயுத பூசை உங்களுக்குத் தெரியும். இவர் கடையில் தராசு, கத்தரி, கல்லா, கம்ப்யூட்டர், கார்டு தேய்க்கிற மிஷின் ஒன்றையும் விடமாட்டார். அந்த வருடத்திலிருந்து காரின் வாயும் சேர்ந்துகொண்டது. விற்பனையாளர் வைத்தது ஒரு பொட்டு. இவர் வைப்பது ஒரு விரல் சந்தனம், அதன்மேல் குங்குமம். தினமும் பிளக்கைச் செருகும்போது நான் பார்க்கத்தான் செய்தேன். பூசையில் வைத்த சந்தனத்தை யார் துடைப்பது? அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

3

பக்கத்து மளிகைக் கடைக்காரரின் மின்சார வண்டி, வாரன்ட்டி முடிந்த மறுமாதம் நடுரோட்டில் நின்றுபோனது. வண்டிக்குள்ளே இருக்கிற சார்ஜர் போய்விட்டதாம். வாரக்கணக்கில் அது பணிமனையில் கிடந்தது. அதைப் பற்றித் தினமும் கடைவாசலில் பேசிப் பேசியே இவருக்குப் பயம் வந்துவிட்டது. எங்கள் காரில் பேட்டரிக்குத் தனியாக நீண்ட வாரன்ட்டி உண்டு. மோட்டாருக்கும் உள்ளே இருக்கும் சார்ஜருக்கும் மற்றவற்றுக்கும் மூன்று வருடம்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"செல்வி, வண்டிய இப்பவே கொடுத்துரலாம், கேட்டியா. வாரன்ட்டி போச்சுன்னா பின்னே ஒருத்தனும் சீண்ட மாட்டான்."

"அப்ப நான் விழிஞ்ஞத்துக்கு எப்படிப் போறதாம்?"

"முன்னே எப்படிப் போன?"

"முன்னே போகலை."

அவர் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "போன்ல ஆர்டர் எடுத்தாப் போதும். உனக்கெதுக்கு இந்த அலைச்சல்?" என்றார். அவர் என்னைப் பற்றி அக்கறையாகத்தான் சொன்னார், அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அலைச்சல் என்று எதைச் சொல்கிறார் இந்த மனிதர்? நான் இந்த ஊரில் ஒரு ஆளாக நடமாடுவதையா?

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். காரை விற்ற கம்பெனியே வாரன்ட்டியை இன்னும் சில வருடத்துக்கு நீட்டித்துத் தருகிறது, எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி என்று. அதைப் பழைய வாரன்ட்டி உயிரோடு இருக்கும்போதே வாங்க வேண்டும். "அது கிடைச்சா வச்சுக்கோ. கிடைக்கலைன்னா நெய்யாற்றின்கரைக்காரன் ஒருத்தன் ஞாயிறாழ்ச்ச வண்டி பாக்க வாறான், கொடுத்துரலாம்" என்றார். சரி என்றேன்.

வாங்குவது அவ்வளவு லேசாக இல்லை. செயலியில் போனால் ஓடிபி இவருடைய போனுக்குப் போகிறது. இவர் போன் கல்லாவுக்கு அடியில் கிடக்கும். சரி, பேசியே வாங்கிவிடலாம் என்று வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, மலையாளத்துக்கு மூன்று, தமிழுக்கு நான்கு. தமிழ்ப் பெண் அழகாகப் பேசினாள். "எந்த ஊர்ல இருந்து பேசுறீங்க மேடம்?" திருவனந்தபுரம் என்றேன். "அது கேரளா மேடம். நீங்க மலையாளத்துக்கு மூணு அழுத்தணும்." மூன்றை அழுத்தினேன். அந்தப் பெண் நான் பேசிய மலையாளத்தில் இரண்டு வாக்கியம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, சேச்சிக்கு வசதியாக இருக்கும் என்று சொல்லித் தமிழுக்கு மாற்றிவிட்டாள். இப்படியே இரண்டு வாரம், இரண்டு பக்கமும் மிகுந்த அன்போடு என்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தோஹாக்காரியே, உன் கட்டுரையில் இப்படி ஒன்று இருக்கிறதா?

கடைசியில் இந்திக்கு ஒன்றை அழுத்தினேன். எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. வண்டி நம்பரை ஆங்கிலத்தில் சொன்னேன், வாரன்ட்டி என்றேன், திருவனந்தபுரம் என்றேன். உடனே நேரம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவர வேண்டும், பரிசோதித்து எல்லாம் சரியாக இருந்தால் அன்றே நீட்டித்துத் தருவார்கள். பழைய வாரன்ட்டி சனிக்கிழமையோடு முடிகிறது.

4

பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது ஷோரூம். மாடியில் கண்ணாடி அறை, கீழே ஒருபக்கம் பணிமனை, மறுபக்கம் புது வண்டிகளை ஒப்படைக்கிற இடம். அன்று சிங்ஙத்தில் நல்ல முகூர்த்த நாள். கீழே புது வண்டிகள் வரிசையாக நின்றன, குடும்பம் குடும்பமாகப் புதுத்துணி கட்டிக்கொண்டு ஆட்கள் காத்திருந்தார்கள்.

எனக்கு வாய்த்த சர்வீஸ் அட்வைசர் பெயர் அனூப். சின்ன வயசு, நல்ல பிள்ளை. வண்டியை உள்ளே கொண்டுபோனவர் அரைமணி நேரத்தில் கையில் டேப்லெட்டோடு மாடிக்கு வந்தார். அதில் ஒரு படம். சார்ஜ் போர்ட்டில் பிளக் செருகுகிற துளைகளைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகக் காய்ந்து இறுகிப்போன ஏதோ ஒன்று. சுவரில் பெயர்ந்த காரை மாதிரி இருந்தது.

"இதெந்தா சேச்சி?" என்று கேட்டார்.

எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு நிமிடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "சந்தனம்" என்றேன். "மேலே இருக்கது குங்குமம்."

அவர் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். போர்ட்டில் அந்நியப் பொருள் இருப்பதாகப் பதிவாகிவிட்டது. விதிப்படி போர்ட்டையே மாற்றினால்தான் வண்டி பரிசோதனையில் தேறும். புதுப் போர்ட் வெளிமாநிலத்திலிருந்து வர வேண்டும், மூன்று வாரம் ஆகும். மூன்று வாரம் கழித்து வந்தால் பழைய வாரன்ட்டி முடிந்திருக்கும், முடிந்த வண்டிக்கு நீட்டிப்புக் கிடையாது.

"அப்ப என்ன செய்யணும்?"

"பற்றில்லா சேச்சி" என்றார் வருத்தத்தோடு. முடியாது என்பதை இங்கே இப்படித்தான் சொல்வார்கள். இந்த ஊரில் நான் முதலில் கற்றுக்கொண்ட சொற்களில் அது ஒன்று.

வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டார். "சந்தனத்துக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்காம பின்னே?" என்று கொஞ்சம் சூடானார். பிறகு அவர் குரல் இறங்கியது. "விட்டுரு செல்வி. ஞாயிறாழ்ச்ச அவன் வரட்டும்." அவர் வைத்த சந்தனம், நான் வண்டியை விட வேண்டும். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில் வந்த அழுகை. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, விட மாட்டேன் என்று முடிவு செய்து உட்கார்ந்தேன்.

நித்யாவின் அலுவலகம் அதே பைபாஸில்தான். கூப்பிட்டதும் வந்துவிட்டாள். அவளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். தூக்கத்தில் பேசுவது மலையாளம். என்னிடம் பேசுகிற தமிழிலும் பாதிக்குப் பாதி அதுதான் இருக்கும். சிறுவயதில் ஒருமுறை பள்ளிக்கு என்னைக் கூட்டிப்போக வெட்கப்பட்டாள், நான் பேசினால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று. குழந்தைதானே என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். ஆனாலும் அது எனக்கு மறக்கவில்லை. வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அம்மா மிண்டாதிரு. நான் பேசிக்கொள்ளாம்" என்றாள். மிண்டாதே என்றால் பேசாதே.

பேசினாள். மேனேஜர் வந்தார், டை கட்டிய மனிதர், தேன் மாதிரிப் பேச்சு. நித்யா மலையாளத்தில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்குப் போய், நுகர்வோர் நீதிமன்றம் வரைக்கும் போனாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், எதற்கும் அசையவில்லை. கடைசியில் எனக்கும் புரியட்டும் என்று என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"மேடம், கம்பெனி ஆளுங்க ஆரும் போர்ட்டுக்குள்ள ஒண்ணும் வைக்கில்ல. ஆரும் வைக்கச் சொல்லவும் இல்ல. இது கஸ்டமர் செய்த தப்பாணு. அதுக்குக் கம்பெனி எந்து செய்யும்?"

5

அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அன்றைக்குத் தோற்றுத்தான் போயிருப்பேன்.

ஆரும் வைக்கில்ல. அதைக் கேட்டதும் மூன்று வருடத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டே இதுதான் வாய் என்று சொன்ன விற்பனையாளரின் முகம் கண்முன் வந்தது. அந்த ஆளை இப்போது எங்கே தேடுவது, தேடினாலும் ஒத்துக்கொள்வாரா? அதை யோசித்துக்கொண்டே கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். ஒரு குடும்பம் வண்டிக்கு முன்னால் வரிசையாக நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்கள். கசவு வேட்டி, அதாவது சரிகைக் கரை வேட்டி, கட்டிய விற்பனையாளர் ஒருவர் கையில் தட்டோடு வந்துகொண்டிருந்தார்.

எழுந்துவிட்டேன்.

"சார், ரெண்டு நிமிஷம் எங்கூடக் கீழ வாங்க."

"எந்தினா மேடம்?"

"வாங்க சார். வந்துட்டு அப்புறம் முடியாதுன்னு சொல்லுங்க."

நித்யா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் படி இறங்கிவிட்டேன். மேனேஜர் மரியாதைக்காகப் பின்னால் வந்தார், அவருக்குப் பின்னால் அனூப். நான்கு பேரும் தூணோரம் நின்றோம். புது வண்டிக்காரர்கள் நாங்களும் வாழ்த்த வந்தவர்கள் என்று நினைத்து ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டோம்.

விற்பனையாளர் தேங்காயைச் சுற்றி உடைத்தார். முன்பக்கத்தில் சந்தனம் வைத்தார். கதவைத் திறந்து ஸ்டியரிங்கில் வைத்தார். மூன்று வருடத்தில் வழக்கத்தை மாற்றியிருப்பார்களோ? அவர் தட்டை அந்த வீட்டம்மாளிடம் கொடுக்கப் போனார். பிறகு எதையோ மறந்தவர்போலத் திரும்பி, வண்டியின் பக்கவாட்டுக்கு வந்து, சார்ஜ் மூடியைத் தட்டினார். மூடி திறந்தது. மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, துளைகளுக்கு நட்டநடுவில், நிதானமாக, நன்றாக ஒரு பொட்டு வைத்தார். குடும்பம் கை தட்டியது.

மேனேஜர் கையில் கேக் அப்படியே இருந்தது. நான் அவரைப் பார்த்து, என் மலையாளத்தில், தப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டேன்.

"சாரே, ஆ வண்டிக்கு இப்போ வாரன்ட்டி உண்டோ, போயோ?"

அனூப் தூணின் மறுபக்கம் திரும்பிக்கொண்டார், அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. நித்யா போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனாள். நான் அவள் கையை இறக்கினேன். அந்தக் குடும்பத்துக்கு இன்று நல்ல நாள், அதில் நாம் மண்ணைப் போட வேண்டாம் என்று மேனேஜர் காதில் விழும்படியே சொன்னேன். அவர் முதல்முறையாக என்னைச் சேச்சி என்று கூப்பிட்டார்.

"சேச்சி, முகளில் இரிக்கு. நான் நோக்கட்டே." மேலே போய் உட்காருங்கள், நான் பார்க்கிறேன் என்று அர்த்தம்.

அவர் எங்கெங்கோ போன் செய்தார். எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து ஏதோ ஒரு மருந்தைத் தெளித்து, சின்னப் பிரஷ்ஷால் சந்தனத்தை முழுவதும் எடுத்து, காற்றடித்துக் காயவைத்தார். அவர்களுடைய சார்ஜரையே செருகிப் பார்த்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. போர்ட்டில் ஒரு கீறல் இல்லை. பரிசோதனை அறிக்கையை அனூப் புதிதாக எழுதினார், போர்ட் சுத்தம் செய்யப்பட்டது, குறை ஒன்றும் இல்லை என்று. புது வண்டிகளின் பக்கம் மேனேஜர் வேகமாக நடந்து போனதையும், கசவு வேட்டிக்காரர் துணியும் கையுமாக அந்தப் புது வண்டியின் மூடியைத் திறந்ததையும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

கடைசியில் ஓடிபி. வழக்கம்போல இவர் போனுக்குத்தான் போனது. கூப்பிட்டேன்.

"ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க."

"எதுக்கு ஓடிபி?"

"வாரன்ட்டிக்கு."

கல்லாவைத் திறந்து கண்ணாடியைத் தேடுகிற ஓசை கேட்டது. பிறகு ஒவ்வொரு எண்ணாக மலையாளத்தில் வாசித்தார். என் வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு இனிமையாகக் கேட்ட மலையாளம் அதுதான்.

திரும்பி வரும்போது நித்யா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். ஈஞ்சக்கல் தாண்டியதும், "அம்மா, அவரு வைக்காம இருந்திருந்தா?" என்று கேட்டாள். "அடுத்த வண்டிக்குக் காத்திருப்பேன். முகூர்த்த நாள், வண்டிக்கா பஞ்சம்?" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு ஸ்டியரிங் ஆடிவிட்டது. இப்போது அவள் அலுவலகத்தில் இந்தக் கதையைச் சொல்கிறாளாம். மலையாளத்தில்தான் சொல்கிறாள். ஆனால் நான் பேசுகிற இடம் வரும்போது என் குரலில், என் கோவில்பட்டித் தமிழில், ஒரு சொல் பிசகாமல் பேசிக் காட்டுகிறாள். ஒருநாள் போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் கோவில்பட்டிக்குக் கிளம்பினோம். இருபத்தைந்தாவது வருடத்துக்கு அண்ணன் வீட்டில் விருந்து. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி ஆரல்வாய்மொழி தாண்டி வந்தபோது, வேனின் பின்னிருக்கையில் இரண்டு சித்திகளுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு வந்தேன். சன்னல்கூட எனக்கு இல்லை. இந்த முறை காரில் போகலாம் என்றும் நான் ஓட்டுகிறேன் என்றும் சனிக்கிழமையே சொல்லிவிட்டேன். "நடுவழியில நின்னா?" என்றார் இவர். வழியில் நின்றால் ஆள் அனுப்புவதும் புது வாரன்ட்டியில் சேர்த்திதான் என்று காட்டினேன். அதைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

கிளம்புகிற நேரத்தில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். முன்பக்கத்தில் வைத்தார். பக்கவாட்டுக்கு வந்தார். கை மூடிக்குப் போயிற்று, அங்கேயே நின்றது. என்னைப் பார்த்தார்.

"மூடிக்கு வெளிய வச்சுக்கலாம்லா?"

"வெளிய எவ்வளவு வேணும்னாலும் வைங்க."

பெரிய பொட்டாக வைத்தார். நித்யா பின்னால் ஏறிக்கொண்டாள். நான் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன். இவர் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு பைக் வந்து நின்றது. நெய்யாற்றின்கரைக்காரர். வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று வெள்ளிக்கிழமையே இவரிடம் சொல்லியிருந்தேன். சொல்லிடுறேன் என்றார், சொல்லவில்லை. யாரிடமும் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது, என்னிடம் தவிர.

வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தைக் காலால் தட்டினார். ஒரு வட்டம் ஓட்டிப் பார்க்கலாமா, சாவி எங்கே என்று மலையாளத்தில் இவரைக் கேட்டார். இவர் பையைக் கீழே வைத்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாக்கோல் எங்கிட்ட இல்ல" என்றார் இவர். தாக்கோல் என்றால் சாவி. "வண்டி அவளோடது. அவகிட்ட கேளுங்க." சொல்லிவிட்டு மறுபக்கம் போய், கதவைத் திறந்து, என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

நெய்யாற்றின்கரைக்காரர் என் சன்னலுக்கு வந்தார். கண்ணாடியை முழுவதும் இறக்கினேன். வண்டி விற்பதற்குத்தானே என்று கேட்டார்.

"விற்கில்ல" என்றேன்.

இருபத்தைந்து வருடத்தில் இவ்வளவு திருத்தமான மலையாளத்தை நான் பேசியதில்லை. அவருக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது.